வாசிச்சதைச் சொல்லு

என் மகளுக்கு ஏழு வயதிலேயே வாசிப்பு தண்ணீர் பட்ட பாடு. சங்கக் கடையில் சீனி சுற்றித் தந்த பத்திரிகைத் துண்டைக் கொடுத்தாலும் நின்ற நிலையில் ராகத்தோடு கடகடவென்று வாசித்து முடித்துவிடுவாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். துணுக்காய்ப் பக்கம் நாங்கள் இருந்த குடியேற்றத் திட்டத்தில் என் பெருமைக் கதையைக் கேட்காத வீடு இல்லை.

ஆகவே மூன்றாம் ஆண்டு ரீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பியபோது பாராட்டத்தான் என்று நினைத்து நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன். பள்ளிக்கூடக் கட்டிடம் முழுவதும் இடம்பெயர்ந்து வந்த சனம். வகுப்பு பாலை மரத்தின் கீழ் நடந்தது. ரீச்சர் என் கண் முன்னாலேயே ஒரு பந்தியை அவளிடம் கொடுத்தார். ஒரு அம்மா சந்தைக்குப் போகிறா, குடையை பஸ்ஸில் மறந்து விடுகிறா, மழை வருகிறது, நனைந்து வீட்டுக்கு வருகிறா. மகள் ஒரு இடத்திலும் தடக்காமல் வாசித்தாள்.

"அவா ஏன் பிள்ளை நனைஞ்சவா?" என்று ரீச்சர் கேட்டார்.

மகள் திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

"வாசிக்க வேண்டாம். குடை எங்க போனது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். விடை என் முகத்தில் எழுதியிருக்கிறது என்று நினைத்தாளோ தெரியாது. ரீச்சர் பந்தியை வாங்கி மடித்தார். "நல்லாய் வாசிக்கிறா. ஆனால் ஒண்டும் உள்ள போகேல்லை. அறுபது பிள்ளையளை வைச்சுக்கொண்டு நான் தனித்தனியாப் பாக்க ஏலாது. வீட்டில நீங்கள்தான் பாக்க வேணும்." எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது போலிருந்தது.

வீட்டில் வாசிக்க என்ன இருந்தது? பாடப் புத்தகம் மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று. அது எங்கள் வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் வரும். கடைக்காரர் சுற்றித் தரும் பத்திரிகைத் துண்டுகளில் செய்தி பாதியில் கிழிந்து போயிருக்கும். முழுசாகக் கிடைத்தவை என் மனுசனின் கடிதங்கள்தான்.

அவர் வவுனியாவுக்குப் போய் அப்போது நான்கு மாதம். சிறுநீரகக் கல் எடுக்கப் பயணப் பாஸ் கிடைத்துப் போனவர், பதினைந்து நாளில் வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். கல்லை எடுத்தார்கள். அதற்குள் கண்டி றோட்டில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது. பிறகு திறந்த பாதையால் திரும்பி வர அவருக்கு ஆமி பாஸ் கொடுக்கவில்லை. இன்று நாளை என்று இழுத்தடித்ததில், அவர் அங்கேயே ஒரு அரிசி மில்லில் வேலை எடுத்து மில்லிலேயே படுத்து எழும்பினார். எங்கள் ஒழுங்கையில் மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய ஒருவர், சாமான் எடுக்கச் சுற்றுப் பாதையால் வவுனியா போய்வருவார். கடிதங்கள் அவரது சேட்டுப் பொக்கற்றில் வந்தன, அதிலேயே போயின. அவற்றை ஒட்டக் கூடாது. ஆமியும் இயக்கமும் இரண்டு பக்கத்திலும் பிரித்துப் பார்ப்பார்கள். எனவே என் மனுசன் உழைப்பு, மழை, சாப்பாடு என்பதற்கு மேல் எதையும் எழுதமாட்டார்.

பின்னேரம் பாத்திரம் கழுவிய கையோடு குசினி வாசலில் பலகையைப் போட்டு அவளை இருத்துவேன். ஒரு பந்தி வாசிக்க வேண்டும். வாசித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். "வாசிச்சதைச் சொல்லு." அவளுடைய வாயால் சொல்ல வேண்டும், அப்பா எழுதியபடி ஒப்புவிக்கக் கூடாது. பிறகு என் கேள்விகள். முதலில் கடிதத்தில் கிடக்கிற விடைக்கு ஒரு கேள்வி, பிறகு யோசித்துப் பிடிக்கிற விடைக்கு ஒரு கேள்வி. பிழையான விடைக்குத் தலையில் ஒரு குட்டு. சரியான விடைக்கு ஒன்றும் கிடையாது, அடுத்த கேள்விதான். எனக்குப் பொறுமை என்பது பிறப்பிலேயே இல்லை. நான் படித்தபோதும் இப்படித்தான் நடந்தது, வேறு விதம் எனக்குத் தெரியவும் இல்லை.

முதல் மாதம் அவளுடைய மண்டை வீங்காதது அதிசயம். கார்த்திகையில் ஒரு கடிதம் வந்தது. "இங்கே விடாத மழை. அவித்த நெல்லைக் காயப்போட முடியவில்லை. இரண்டு நாளாக நன்றாக நித்திரை கொண்டேன்" என்று எழுதியிருந்தார்.

"அப்பா ஏன் நல்லா நித்திரை கொண்டவர்?"

"களைப்பு."

குட்டு.

"குளிர்."

இன்னொன்று. அவள் தலையைத் தடவிக்கொண்டு கோடிப்புறத்து மழையைப் பார்த்தபடி இருந்தாள். திடீரென்று முகம் மலர்ந்தது. "நெல்லுக் காயாட்டி மில் ஓடாது. வேலை இல்லை. அதுதான் நித்திரை!" எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. அந்தக் குடையின் இடம் கடைசியில் பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. "வேலை இல்லாட்டிச் சம்பளமும் இல்லைத்தானே அம்மா. அப்ப அந்த ரெண்டு நாளும் அப்பா சாப்பிட்டவரோ?" என்று கேட்டாள். நான் அந்தக் கடிதத்தை ஐந்து தடவை வாசித்திருந்தேன். அவர் நன்றாகத் தூங்கினாரே என்று மகிழ்ந்ததைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அன்று முதன்முதலாக அவளுடைய படிப்பைப் பார்த்து எனக்கு ஒரு பயம் வந்தது.

அதன் பிறகு பதில் எழுதும் பொறுப்பை அவளிடமே கொடுத்தேன். அவர் கேள்வி கேட்காமல் கடிதம் எழுத மாட்டார். கோழி அடைக்கு இருந்ததோ, யானை வயலுக்குள் வந்ததோ, மகளுக்குக் கணக்கு வருகிறதோ, குளத்தில் தண்ணீர் எவ்வளவு. மகள் அந்தக் கேள்விகளுக்குக் கீழே பென்சிலால் மெல்லக் கோடு போடுவாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனமாகப் பதில். யானை வந்தது, தகரம் தட்டிக் கலைத்தோம். கோழியை மரநாய் பிடித்துவிட்டது. நான் அழுததாக எழுத வேண்டாம் என்றால், "அப்பா அதைக் கேக்கேல்லைத்தானே" என்று சொல்லி விட்டுவிடுவாள்.

தை பிறந்து, சித்திரை போய், அவள் நான்காம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். இப்போது அவள் எதையும் சும்மா விடுவதில்லை. பக்கத்து வளவுக்காரி ஆட்டை விற்றதைப் பார்த்து, "அவையள் வெளிக்கிடப் போகினம்" என்றாள். "சும்மா வாயை வைச்சுக்கொண்டு இரு" என்று ஏசினேன். நான்காம் நாள் அவர்கள் உழவு மெசினில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்டி றோட்டுப் பக்கம் ஷெல் சத்தம் முன்பு பின்னேரங்களில் மட்டும் கேட்கும். இப்போது காலையிலும் கேட்டது. அவள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லாதே என்று நான்தானே சொல்லி வைத்திருந்தேன்.

ஆவணியில் அந்தக் கடிதம் வந்தது. வழக்கமாக ஒரு பக்கம் எழுதுகிறவர் இரண்டு தாள்களில், நான்கு பக்கமும் நிறைய எழுதியிருந்தார். எனக்குத் தலை கால் புரியாத சந்தோசம். வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வாசித்தேன். சுகமாக இருக்கிறேன், ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்று தொடங்கியிருந்தார். மாரிக்கு முதல் கூரைக்குக் கிடுகு மாற்ற வேண்டும். காணிப் பெமிற் பத்திரம் றங்குப் பெட்டியில் என் கலியாணச் சேலைக்குள் இருக்கிறது, எங்கே போனாலும் அதைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிள் சீற்றை என் உயரத்துக்கு இறக்கி ஓடிப் பழக வேண்டும், பயப்படக் கூடாது. மகளைப் படிப்புக்காக அடிக்கக் கூடாது, அவள் தன்பாட்டில் படிப்பாள். இப்படி ஒவ்வொன்றாக. ஒரு வருடமாகத் தூர இருந்தும் மனுசனுக்கு வீட்டு நினைவு எவ்வளவு என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றே சீற்றை இறக்கினேன்.

பின்னேரம் மகளைப் பலகையில் இருத்திக் கடிதத்தைக் கொடுத்தேன். இந்தமுறை அவள் சத்தமாக வாசிக்கவில்லை. மனத்துக்குள் வாசித்தாள். நான்கு பக்கத்தையும் முடித்து, திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனாள். கையில் பென்சில் இருந்தது. கோடு ஒன்றும் போடவில்லை.

"வாசிச்சதைச் சொல்லு."

பென்சிலைப் பக்கத்தில் வைத்தாள்.

"சரி, பதிலையாவது எழுது. கடிதம் கொண்டுபோறவர் நாளைக்கு வெளிக்கிடப் போறார், குடுத்துவிட வேணும்."

"எழுத ஒண்டும் இல்லையம்மா. அப்பா ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

நான் கடிதத்தைப் பறித்துப் பார்த்தேன். நான்கு பக்கத்திலும் தேடினேன். செய், எடு, பழகு, பயப்படாதே என்றுதான் இருந்தது. கோழியைக் கேட்கவில்லை. யானையைக் கேட்கவில்லை. மகளுடைய கணக்கைக்கூடக் கேட்கவில்லை.

"அதுக்கென்ன? மறந்திருப்பார்."

"இவ்வளவத்தையும் மறக்காமல் எழுதியிருக்கிறார் அம்மா." அவள் நிலத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். ஒரு பாடத்துக்கு விடை சொல்கிற குரல்தான் அது. "எங்கட பதில் போகேக்க தான் அங்க இருக்கமாட்டன் எண்டு அப்பாவுக்குத் தெரியும். அதுதான் ஒண்டும் கேக்கேல்லை."

அடித்தேன். குட்டு அல்ல, கன்னத்தில், கை வலிக்க அடித்தேன். மற்றக் கையில் அவருடைய கடிதம். மகளை அடிக்காதே என்று எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டே அவளை அடித்தேன். "சனியனே, பிழை! எல்லாம் பிழை! என்ன வாசிச்சனி நீ?" என்று கத்தினேன். அவள் அழவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, நான் சொல்லச் சொல்ல எழுதினாள். நாங்கள் சுகம். நீங்கள் எப்போது வருவீர்கள்.

அந்தக் கடிதம் போன பிறகு மூன்று கிழமை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ முன்னெப்போதும் இல்லாத மாதிரிச் சந்தோசமாகத் திரிந்தாள். கெந்தித் தொட்டாள், மாங்கொட்டை போட்டு விளையாடினாள், தனியே இருந்து பாட்டுப் படித்தாள். கிடுகு பின்ன வந்த சனத்துக்கு, அப்பா வரும்போது கூரை புதிதாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஓடி ஓடித் தண்ணீர் கொடுத்தாள். அப்பன் வரமாட்டான் என்று வாய் கூசாமல் சொன்னவளுக்கு ஆட்டம் வேறா என்று எனக்கு வயிறு எரிந்தது. கல்நெஞ்சுக்காரியைப் பெற்றிருக்கிறேன் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

கடிதம் கொண்டுபோனவர் ஒரு மத்தியானம் திரும்பி வந்தார். வீட்டுக்கு வரவில்லை. குளக்கட்டில் என்னைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கினார். சேட்டுப் பொக்கற்றிலிருந்து என் கடிதத்தை எடுத்து நீட்டினார். நான் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது.

"அண்ணே மில்லுல இல்லீங்க தங்கச்சி."

"எங்க போனவர்?"

"மூணு தடவ ஆமிக் காம்புக்குக் கூப்பிட்டு விசாரிச்சாங்களாம். போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்திருக்காரு. நாலாவது தடவ வரச் சொன்ன அன்னிக்குக் காலையில குந்தி அந்த நாலு பக்கத்தையும் எழுதி மில்லுக்காரன் கையில குடுத்திட்டுப் போனாராம். பெறகு வரல்ல. கேட்டுப் போனா, அப்பிடி ஒரு ஆளு வரவே இல்லைன்னு சொல்றாங்களாம்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னார். "கடிதம் கொண்டாந்த அன்னிக்கு எனக்கு இது தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பனா."

குளக்கட்டிலிருந்து வீடு வரை எப்படி நடந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மகள் முற்றத்தில் கோடு கீறி ஒற்றைக் காலில் கெந்திக்கொண்டு நின்றாள். என் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்துக் காலை ஊன்றினாள். இனி இவளுக்கு எதை ஒளிப்பது? நான் மண்ணிலேயே இருந்துவிட்டேன்.

"பிள்ளை, அண்டைக்கு நீ சொன்னது சரி."

"எது அம்மா?"

"அப்பாவின்ர கடிதம். நீ வாசிச்சதுதான் சரி. நான்தான் பிழையா வாசிச்சனான்."

அடித்தபோது வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. என் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விக்கி விக்கிக் கேட்டாள்.

"பிழையான விடைக்குத்தானே அம்மா நீங்கள் அடிக்கிறனீங்கள்? அவ்வளவு பலமா அடிச்சபடியால், நான் சொன்னது சரியான பிழை, அப்பா கட்டாயம் வருவார் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்!"