கழுவின தண்ணி

எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் நாகூர் கனி அண்ணன் பெயருக்குத்தான் அட்டெண்டர். அவர் ஒரு நாள் லீவு போட்டால் பேராசிரியர் அனந்தராமன் சாருக்கு வேலையே ஓடாது. டெமான்ஸ்ட்ரேட்டரான எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு. எம்.எஸ்ஸி. படித்தவள் போடும் ஸ்லைடைவிட, எட்டாம் வகுப்போடு நின்றவர் போடும் ஸ்லைடு சுத்தமாக இருந்தால் எரியாதா?

எங்கள் ஆராய்ச்சி டயாட்டம் பற்றியது. தண்ணீரில் வாழும் ஒற்றைச் செல் பாசி அது. உடம்பைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஓடு. ஓட்டிலுள்ள கோடுகளை எண்ணித்தான் இன்ன இனம் என்று சொல்வோம். அதற்கு முதலில் பாசியை அமிலத்தில் கொதிக்கவைக்க வேண்டும். ஓடு மட்டும் மிஞ்சியதும் தண்ணீர் விட்டு, ஒரு நாள் தெளியவைத்து, வடித்து, மறுபடி விட்டு, இப்படி ஏழு தடவை கழுவ வேண்டும். கனி அண்ணன் எட்டாவது தடவையும் கழுவுவார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. 1974-இல் பேரையூர்க் கண்மாயில் அபூர்வமான டயாட்டம் கிடைத்ததாகச் சார் ஒரு கூட்டத்தில் வாசித்தார். அது லேப் குழாய்த் தண்ணீரில் வந்தது என்று அங்கேயே ஒருவர் காட்டிவிட, சபை முழுக்கச் சிரித்ததாம். சார் திரும்பி வந்து யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழாயில் பீக்கரைக் கழுவிய கனி அண்ணன்தான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி மைதீன் பீவி என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து, பாசியில் ஊற்றும் முன்பே, கழுவப்போகிற தண்ணீரில் ஒரு பீக்கர் தனியே எடுத்துத் தெளியவைத்து, அடியில் நிற்பதையும் ஒரு ஸ்லைடாகப் போடுவார். அதில் 'கழுவின தண்ணி' என்று தமிழில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் அடுக்கிவிடுவார். பத்து வருஷமாக அந்த டப்பாவை யாரும் திறந்து பார்த்ததில்லை.

"அண்ணே, ஊறுகாய் போடவா இம்புட்டையும் சேக்குறீங்க?" என்று கேலி செய்வேன்.

"இருந்துட்டுப் போகட்டும் மேடம். சோறா கேக்குது?" என்பார்.

1984-இல், அண்டார்க்டிகா போய்வந்த நண்பர் ஒருவர், அங்கே பாறைகளுக்கு நடுவே இருக்கும் நன்னீர் ஏரியில் எடுத்த பாசியைச் சாருக்கு அனுப்பினார். கட்டைவிரல் நகம் அளவுதான். முழுவதையும் கொதிக்கவைத்தால்தான் நாலு ஸ்லைடு தேறும், தேறியது. அதில் படகு வடிவில் ஒன்று, நடுவில் ஒரு பக்கம் மட்டும் கோடே இல்லாமல் வழுக்கையாக இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. நான் மூன்று மாதம் கண் வலிக்க வலிக்க வரைந்தேன். சார் புது இனம் என்று எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். இருபத்தெட்டு வருஷ வேலையில் அவருக்குக் கிடைத்த ஒரே புது இனம். அடுத்த மே மாதம் அவருக்கு ரிட்டையர்மென்ட்.

பதில் வந்தது. படம் நன்று, வர்ணனையும் நன்று. ஆனால் இது உங்கள் ஊர்த் தண்ணீரிலிருந்து வந்ததல்ல என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த ஏரியில் கண்டதாக நீங்கள் கொடுத்த பட்டியலில் வெப்பநாட்டு இனங்கள் இரண்டு இருக்கின்றனவே?

சாரின் முகம் சிவந்துவிட்டது. "டிஸ்டில்டு வாட்டர்ல மட்டுந்தான் கழுவினோம்னு எழுதிடலாம் விஜயம்" என்று என்னிடம் சொல்லி டைப்ரைட்டரை இழுத்தார்.

கனி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "சார், அதை எழுதாதீங்க."

"ஏன்?"

"அந்த வாரம் கரண்டு இல்ல. டிஸ்டில்டு வாட்டர் அஞ்சாவது கழுவலோட தீந்துபோச்சு. பாதியில விட்டா ஆசிட் போகாது. ஜன்னல் பக்கம் ஒரு கேன்ல அழகர்மலைத் தீர்த்தம் இருந்துச்சு. அதைவிடச் சுத்தமான தண்ணி மதுரையில ஏதுன்னு ஊத்திட்டேன்."

அந்தக் கேன் என்னுடையது. மாமியார் கேட்டாரென்று அழகர்கோவில் மலைமேல் நூபுரகங்கைச் சுனையில் பிடித்து வந்து, லேபிலேயே நாலு நாள் மறந்துவிட்டிருந்தேன். தீர்த்தம் குறைந்திருந்ததால், பஸ்ஸில் சிந்திவிட்டேன் என்று மாமியாரிடம் திட்டும் வாங்கியிருந்தேன். யார் கேன் என்று அண்ணன் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல அண்ணே?" என்று முணுமுணுத்தேன். அப்படிக் கேட்டதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு ஸ்லைடை எடுத்து வைத்தார். 'கழுவின தண்ணி, அழகர்மலை.' "இதையும் பாத்துருங்க சார்."

சாருக்குப் பார்க்கத் தெம்பில்லை. மைக்ராஸ்கோப்பை என் பக்கம் தள்ளினார். முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த வெப்பநாட்டு இனங்கள் இரண்டும் வந்துவிட்டன, ஏராளமாக. எனக்கு அழுகை முட்டியது. இனி வழுக்கைப் படகும் வந்துவிடும் என்று பயந்தபடியே வரிசை வரிசையாக நகர்த்தினேன். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் சாரே உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தார். அழகர்மலைத் தண்ணீரில் பதினோரு இனம். அண்டார்க்டிகா ஸ்லைடு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேல் இருந்த வழுக்கைப் படகு அதில் இல்லை.

"ஒண்ணுகூட இல்லையா சார்?" என்றார் கனி அண்ணன்.

"ஒண்ணுகூட இல்ல கனி."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் சார் முன்னால் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சார் நடந்ததை நடந்தபடி எழுதினார். வெப்பநாட்டு இனங்கள் இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்தார். கட்டுரை ஏற்கப்பட்டது. சந்தோஷத்தில் சார், புது இனத்துக்கு அழகர் பெயரையே வைக்கலாமா என்றார்.

"வேணாம் சார். திரும்பவும் அந்தத் தண்ணியத்தான் சந்தேகப்படுவாங்க" என்றார் கனி அண்ணன். சார் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் அந்த ஏரியின் பெயரையே வைத்தோம்.

புது இனத்தின் ஸ்லைடை ஒரு மியூசியத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. கழுவின தண்ணீர் ஸ்லைடையும் அவர்கள் கேட்டிருந்தார்கள். நான் இங்கிலீஷில் அழகாக லேபிள் எழுதி ஒட்டப் போனேன். "அதுல கை வைக்காதே" என்றார் சார். அதனால் கடல் தாண்டி எங்கோ ஒரு மேஜை டிராயரில், அண்டார்க்டிகா டயாட்டத்துக்குப் பக்கத்தில், கனி அண்ணனின் சாய்ந்த தமிழ் எழுத்தோடு அழகர்மலைத் தீர்த்தமும் இருக்கிறது.

பார்சலை ஒட்டி முடித்ததும் நன்றாக இருந்தது, எங்கள் மூவருக்குமே. கனி அண்ணனுக்கு மட்டும் ஒரே ஒரு குறை.

"அந்த ஸ்லைடு ஓரத்துல ஒரு காத்துக் குமிழி இருக்கு மேடம். யாரு பாக்கப்போறான்னு விட்டுட்டேன்."