கோணேஸ் மேசை தெரிந்தெடுத்த ஞாயிறு

என் தங்கை கோணேஸ்வரி கசினோ மேசையில் சும்மா போய் இருந்துவிட மாட்டாள். முதலில் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. கோயில் வீதி சுற்றுகிறாளோ என்று நான் பகிடி பண்ணுவேன்.

கசினோ என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், மோர்னிங்சைட் பகுதியில் அவள் வேலை செய்த முதியோர் இல்லத்தில் வருடத்துக்கு ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மண்டபத்து மேசைகளுக்குப் பச்சைத் துணி விரித்து பிளாக்ஜாக் நடத்துவார்கள். அங்கிருக்கும் வயதானவர்களை வெளியே கூட்டிப் போக ஒரு வான் வாங்குவதற்காக. ரிக்கற் எடுத்தால் ஒரு கிண்ணம் நிறைய வண்ண வில்லைகள் தருவார்கள். அவற்றைப் பந்தயம் வைத்து ஆடி, கடைசியில் மிஞ்சும் வில்லைகளுக்குப் பரிசு எடுக்கலாம். ஆட்டமும் லேசானதுதான். ஒவ்வொருவரும் சீட்டுப் போடும் டீலருக்கு எதிராகத் தனித்தனியே ஆட வேண்டும். சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றுக்குக் கிட்டப் போக வேண்டும், தாண்டினால் தோல்வி.

1985இல் கோணேஸ் அங்கே குளிர்பானத் தட்டு ஏந்தித் திரிந்தாள். அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டாள்.

"அக்கா, எல்லா மேசையும் ஒண்டில்லை. சில மேசையிலை முதல் ரெண்டு சீட்டிலையே இருபத்தொண்டு விழுந்தா ரெண்டு வில்லைக்கு மூண்டு குடுக்கினம். சிலதிலை ரெண்டுக்கு ரெண்டுதான். அதை எழுதி மேசையிலை வைச்சிருக்கிற சின்ன அட்டையை ஒருத்தரும் வாசிக்கினமில்லை!"

"நீ தட்டை ஏந்தினியோ, அட்டையை வாசிச்சியோ?"

"ரெண்டும்தான். இன்னொண்டு கேளுங்கோ. டீலர் கை வேகமெண்டா எங்கடை வில்லையும் வேகமாய்ப் போயிடும். கதைச்சுக் கதைச்சுப் போடுற ஆளிட்டைத்தான் இருக்கவேணும். தோத்தவுடனை பக்கத்து ஆளைப் பேசுற சனம் இருந்தா அந்த மேசைக்குக் கிட்டவும் போகக்கூடாது."

அடுத்த வருடம் தானே விளையாடி, பரிசாகப் பாண் வாட்டும் ரோஸ்ரரோடு வந்தாள். அந்த ரோஸ்ரரை நான் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தேன். அதன்பின் அங்கே வேலை செய்த வெள்ளைக்காரிகள், "கொனி, எந்த மேசை?" என்று கேட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே திரிந்தார்கள். எங்கள் கோணேஸின் பின்னால்! வந்தவர் போனவர் எல்லோருக்கும் இதை நான் சொன்னேன். சிலருக்கு இரண்டு தடவை சொல்லியிருப்பேன்.

ஆனால் கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் அவள் எந்த மேசையிலும் இருக்கச் சம்மதிக்கவில்லை. வந்த சம்பந்தங்களைத் தட்டிக்கொண்டே இருந்தாள். 1987இல் என் கணவர் இரத்தினவேல், எங்கள் திருகோணமலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்றைக் கண்டுபிடித்தார். அன்புராசா என்று பெயர். யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டில் கூட்டாளிகளோடு இருந்தார். "இதையும் வேண்டாமெண்டா இனி நான் ஒருத்தரையும் தேடமாட்டன்" என்று இவர் சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருந்தது. வாசலில் கழற்றிய சப்பாத்தைச் சோடியாகச் சுவரோரம் ஒதுக்கி வைத்தவர்.

கோணேஸ் ஒரே வார்த்தையில் முடித்தாள். "அவரைக் கசினோவுக்கு வரச்சொல்லுங்கோ. எந்த மேசையிலை போய் இருக்கிறாரெண்டு பாத்திட்டுச் சொல்லுறன்."

"எடியே, உது என்ன புதுப் பழக்கம்?"

"பலகாரத் தட்டோடை வந்து நிண்டா அவர் என்னைத்தான் பாப்பார். நான் எப்ப அவரைப் பாக்கிறது?"

கசினோ ஞாயிறன்று என் கணவருக்கு வேலை. நான்தான் காரை ஓட்டிப் போனேன். கோணேஸ் தன் வில்லைக் கிண்ணத்தோடு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அன்புராசா நீல மேற்சட்டையோடு வந்தார், கிண்ணத்தை வாங்கினார், மண்டபத்தைச் சுற்றினார். அட்டை வாசிக்கிறாரா என்று நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்க்கவேயில்லை. டீலர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் நேரே ஹட்சனின் மேசைக்குப் போய் இருந்தார்.

போயும் போயும் அந்த மேசைக்கா! ஹட்சன் அந்த இல்லத்தின் கணக்காளர். கதைக்க மாட்டார், சிரிக்க மாட்டார், சீட்டை மெஷின் போலப் போடுவார். ரெண்டுக்கு ரெண்டு மட்டும் கொடுக்கும் மேசை. அங்கே வேறு ஒருவரும் இருக்கவில்லை.

நான் ஓடிப்போய்க் காதுக்குள் சொன்னேன். "தம்பி, வேறை மேசை பாருங்கோ!"

"ஏனக்கா? அவற்றை முகத்தைப் பாருங்கோ. கையிலை என்ன இருக்கெண்டு ஆருக்கும் விளங்காது. இப்பிடி ஒரு பார்ட்னர் கிடைக்கிறது கஷ்டம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே ஆட்டம், ஊரில் நாலு பேர் இரண்டு கட்சியாக ஆடும் முந்நூற்றிநாலு. அதில் எதிரே இருப்பவர்தான் எங்கள் கூட்டாளி. டீலர் எதிரே நின்றார், ஆகவே டீலரும் இவரும் ஒரு கட்சி!

முதல் கையில் ஒரு ஜாக்கும் ஒன்பதும் விழுந்தன. முந்நூற்றிநாலில் அவற்றைவிடப் பெரிய சீட்டு இல்லை. அன்புராசா இரண்டையும் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஹட்சனைப் பார்த்துக் கண்ணடித்தார். சீட்டைத் தொடக்கூடாது என்றார் ஹட்சன். அன்புராசா தலையாட்டிவிட்டு ஜாக்கைப் படாரென்று மேசையில் அடித்தார். பக்கத்து மேசையில் ஒரு கிழவி துள்ளி எழும்பினாள்.

அடுத்த கையில் ஹட்சன் இருபத்தொன்றைத் தாண்டித் தோற்றார். அன்புராசா எட்டி அவருடைய தோளைத் தட்டினார். "நோ வொறி, பார்ட்னர். நெக்ஸ்ட் ரைம்." அதற்கடுத்த கையில் ஹட்சனுக்கு இருபது. அன்புராசா எழும்பி நின்று கை தட்டித் தன் வில்லைகள் எல்லாவற்றையும் தானே அவர் பக்கம் தள்ளிவிட்டார். ஹட்சனின் உதடு இலேசாக ஆடியது. பிறகு மீசை ஆடியது. பிறகு அந்த மனிதர் சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் அதிசயம் பார்க்கக் கூடிவிட்டார்கள்.

தூணுக்குப் பின்னால் யாரோ விக்குவது கேட்டது. கோணேஸ்தான். கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"உங்கடை வில்லை முழுக்கத் தோத்துப்போனீங்கள், தெரியுமோ?"

"நானோ?" அன்புராசா ஹட்சனின் முன்னால் இருந்த குவியலைக் காட்டினார். "நாங்கள் எல்லே வெண்டிட்டம்!"

"அவர் உங்கடை எதிராளி."

அவர் ஹட்சனைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். காதுமடல் வரை சிவந்து போனார். "அப்ப என்ரை பார்ட்னர் ஆர்?"

"உதிலை ஒருத்தருக்கும் பார்ட்னர் இல்லை" என்ற கோணேஸ், தன் கிண்ணத்தில் பாதியை அவர் முன்னால் கவிழ்த்தாள். பிறகு கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "சரி, சீட்டைப் போடச் சொல்லுங்கோ."

ரெண்டுக்கு ரெண்டு மேசை. வேகக் கை. தான் சொன்ன விதிகளை எல்லாம் தானே மீறிக்கொண்டு இருந்தாள். அந்தப் பாதியையும் தோற்றார்கள், மற்றப் பாதியையும் தோற்றார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் இருவரும் ஹட்சனுக்குக் கை தட்டினார்கள். அந்த வருடம் எங்களுக்குப் பரிசாக ஒரு தேக்கரண்டிகூடக் கிடைக்கவில்லை.

வெளியே வந்தபோது நல்ல வெயில். நான் காரைத் திறந்து, முன் சீற்றில் யாரை இருத்துவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நீங்கள் போங்கோ" என்றாள் கோணேஸ். "நாங்கள் பஸ்ஸிலை வாறம்."

"ஆர் நாங்கள்?"

"நாங்கள்தான்."

அன்புராசாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். சீட்டுக்கட்டில் இருந்த ஜாக் எல்லாம் ஒரே கையில் விழுந்தது போல நின்றார்.

நான் போகவில்லை. அக்காவாகப் பிறந்துவிட்டு எப்படிப் போவது? ஷெப்பர்ட் வீதி பஸ்ஸின் பின்னாலேயே, அது நின்ற இடமெல்லாம் நின்று, அஜின்கோர்ட் வரை காரை ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துத் தள்ளினார்கள். பஸ்ஸின் பின் கண்ணாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று வாய் ஓயாமல் ஏதோ விளங்கப்படுத்தியது. மற்றது தலையாட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்கு இறங்கும் பஸ் தரிப்பும் வந்தது. இரண்டு பேரும் இறங்கவில்லை. நானும் ஹோர்ன் சத்தத்தோடு அதே பஸ்ஸின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.