ஹலால் முத்திரையிட்ட சீஸ்

என் வாய் சும்மா இருக்காது. அதற்காக எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். எதுவும் உறைத்ததில்லை, இது ஒன்றைத் தவிர.

நானும் அவளும் இறால் பதனிடும் ஆலையில் ஒரே மேசையில் எட்டு வருடம் தோல் உரித்தவர்கள். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் வந்த முஸ்லிம் குடும்பம் என்னுடையது. அவள் பக்கத்து மீனவ ஊரான உடப்புக்காரி, இந்து. கடலுக்குப் போன புருஷனின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் மச்சம் தொடவில்லை. அவரைத் தின்ற மீனை நான் தின்பதா என்பாள். பிறகு இறைச்சியையும் விட்டாள். உயிர் போன எதுவும் அவளுக்கு வேண்டாம். இறால் வாடை போகாத கையால் பருப்புச் சோறு பிசைந்து தின்பாள்.

போன வருடம் அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய். கஞ்சி இறங்கவில்லை, பால் குமட்டியது. நான் வாங்கிப்போன சீஸைக் கிள்ளி நாக்கில் வைத்தால் மட்டும் கரைந்து இறங்கியது.

"இதுல மச்சம் ஒண்டும் சேரலையே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

"ஹலால் எண்டு போட்டிருக்கு. பயப்படாமத் தின்னு."

எங்கள் வீட்டில் அந்த முத்திரை இருந்தால் அதற்குமேல் கேள்வி கிடையாது. அவளுக்கும் அது போதும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல?

ஒரு நாள் சீஸ் பெட்டியின் பின்புறம் 'ரெனட்' என்ற சொல் கண்ணில் பட்டது. அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். பாலைத் திரைய வைக்கும் நொதியம் அது என்று ஒரு பெண் விளக்கினாள். சிலர் பூஞ்சணத்திலிருந்து எடுத்ததைச் சேர்ப்பார்களாம், அது சைவம்.

"எங்கட ரெனட் கண்டுக்குட்டிட வயித்துல இருந்து எடுக்கிறது. முறையா அறுத்ததுதான், நீங்க யோசிக்க வேணாம்" என்றாள். என் பேச்சை வைத்து என்னை முஸ்லிம் என்று கண்டுகொண்டு, பாவம், ஆறுதல் சொன்னாள்.

எனக்குத் தெரியாமல் யாராவது பன்றி தந்திருந்தால், அதை என்னிடம் சொல்லியே ஆகவேண்டும் என்பேன். அந்த நியாயத்தோடு போய் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் மனப்பாரத்தை இறக்கத்தான் போயிருக்கிறேன் என்பது இப்போது புரிகிறது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவள் கோபிக்கவில்லை.

"சொல்லாம இருந்திருக்கலாம் நீ" என்றாள். "எனக்குப் பசிக்குது."

பூஞ்சண நொதியம் சேர்த்த சீஸைக் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டி, "இது சைவம்" என்றேன்.

"ஓம், சைவந்தான்" என்றாள். உதட்டில் வைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்தச் சீஸையும் அவள் வாயில் வாங்கவில்லை. ஒன்பதாம் நாள், பசியோடுதான் போனாள்.