மூன்றாவது மணிக்கு முன்னால்

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாம் செய்த வீடியோ கேமை வேறொருவர் முதன்முதலாக விளையாடும்போது, செய்தவர் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. அவர் சுவரில் போய் முட்டினாலும் 'இடது பக்கம் போங்க' என்று சொல்லக் கூடாது. கதவு கண்ணெதிரே இருக்க, கால் மணி நேரம் தேடினாலும் பெருமூச்சு விடக் கூடாது. விளையாட்டை வாங்குகிறவர் வீட்டுக்கெல்லாம் நாம் போய்ப் பின்னால் உட்காரப்போவதில்லையே. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். அதனால் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பேன்.

நான் வேலை பார்ப்பது பெங்களூரில், பன்னிரண்டு பேர் இருக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோவில். வீடு கோலார் தங்க வயலில், பாலகாட் சுரங்கத்துப் பக்கம். விடியற்காலை ரயிலில் போய், இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வருகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. எங்கள் பெட்டியில் எல்லோரும் தூங்குவார்கள். நான் மடிக்கணினியைத் திறந்துவைத்து சுரங்கம் கட்டிக்கொண்டிருப்பேன். மூடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குள் தன் அண்ணனைத் தேடிப் போகும் பெண்ணைப் பற்றிய விளையாட்டு அது. அதில் அவள் இரும்புக் கூண்டில் ஏறி ஷாஃப்ட்டில், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழியில், கீழே இறங்கும் பகுதி என்னுடையது. எங்களூரில் அந்தக் கூண்டைக் கேஜ் என்போம்.

இதற்கு முன் நான் இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். 'பொம்மை விளையாட்டு செய்ற வேலை இன்னா ஆச்சு?' என்று பஜாரில் கேட்காத ஆள் இல்லை. அதனால்தான் எங்கள் டீம் லீட் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வியாழக்கிழமை பணம் போடற கம்பெனிலேர்ந்து ஆள் வர்றாரு. உன் சுரங்கத்த அவரே விளையாடிப் பாப்பாரு. நல்லா இருந்தா சரி. இல்லன்னா அந்தப் பகுதியவே வெட்டச் சொல்லிடுவாங்க. அப்புறம் உன்ன வச்சிக்க எனக்கு வழி இல்ல. மறைக்காம சொல்லிட்டேன்."

மறைக்காமல் சொன்னதற்காக அவளை அன்று வெறுத்தேன்.

அந்த வியாழக்கிழமைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒரு சோதனை வைத்தேன். மூன்று பேர்: அப்பா, தம்பி, பக்கத்து வீட்டு அக்கா. அப்பா, எங்களூர்ச் சுரங்கம் மூடும்வரை, அங்கே வைண்டிங் இன்ஜின் டிரைவர். அதாவது மேலே இன்ஜின் அறையில் உட்கார்ந்து கேஜை ஏற்றி இறக்கியவர். அங்கிருந்து பார்த்தால் கேஜ் தெரியாது, அதில் இருக்கும் ஆளும் தெரியாது. கீழே இருப்பவர் அடிக்கும் மணிதான் எல்லாம். மூன்று மணி அடித்தால் எண்ணிய ஆட்கள் ஏறுகிறார்கள், கொஞ்சம் பொறுத்து நகர்த்து. ஓடும்போது ஒரு மணி வந்தால் நிறுத்து. என் விளையாட்டிலும் அதையே வைத்திருந்தேன். அந்தப் பெண் கேஜுக்கு முன்னால் போட்டிருக்கும் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். மூன்று மணி கேட்ட பிறகு ஏற வேண்டும்.

மூன்று பேரும் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை, திரையில் எழுதியும் காட்டவில்லை. அக்காவுக்கு ஓடவே தெரியவில்லை, படியில் நாலு முறை விழுந்தாள். ஆனால் கேஜுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். மணி கேட்டது, ஏறினாள். தம்பியும் அப்படியே. அப்பா கோட்டைத் தொடக்கூட இல்லை, ஒரு முழம் தள்ளி நின்றார்.

"எப்படிப்பா நிக்கணும்னு தெரிஞ்சது?"

"மணி அடிக்காம எவன்மா ஏறுவான்?" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சொல்லாமலே புரியவைப்பதுதான் எங்கள் வேலையில் பெரிய கெட்டிக்காரத்தனம். அது எனக்குக் கைவந்துவிட்டது என்று நினைத்தேன். நோட்டுப் புத்தகத்தில் 'கேஜ், சரி' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். தெருவில் ஸ்கூட்டர் கிளம்புவதையாவது ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்திருக்கலாம். எங்கள் தெருவில் வண்டியில் கடைசியாக ஏறியவர் சீட்டில் மூன்று தட்டுத் தட்டுவார். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். அம்மா தட்டுவாள், நாங்கள் தட்டுவோம், கல்யாணமாகி வந்த மருமகள்கள்கூட ஒரு மாதத்தில் தட்டப் பழகிவிடுவார்கள். அப்பா ஒரு படி மேலே. மூன்று தட்டு கேட்ட பிறகும் கழுத்தைத் திருப்பி ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஆக்ஸிலேட்டரைத் திருகுவார். 'ரயில் போயிடும்பா' என்று நான் கத்தாத நாள் கிடையாது.

இப்படிப்பட்ட மூன்று பேரை உட்காரவைத்துச் சோதனை செய்துவிட்டு, உலகமே சரி என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் பெங்களூருக்குப் போனேன்.

வியாழக்கிழமை வந்தவர் அமைதியான மனிதர். காபி வேண்டாம் என்றார். உட்கார்ந்தார், ஹெட்போனை மாட்டினார், விளையாட ஆரம்பித்தார். நான் பின்னால். லீட் எனக்குப் பக்கத்தில். அவர் படிகளில் நன்றாக இறங்கினார், விளக்கை எடுத்தார், கேஜைப் பார்த்தார். நிற்கவில்லை. கடையில் நுழைவது போல நேராக உள்ளே போனார். உள்ளே போய் இரண்டு தடவை குதித்தும் பார்த்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மணி அடித்த பிறகு உள்ளே வருகிறவரைத்தான் கேஜ் கணக்கில் எடுக்கும்படி எழுதியிருந்தேன். முன்னாலேயே வந்தவர் அதன் கணக்கில் இல்லை. மூன்று மணி அடித்தது. கேஜ் அவரை விட்டுவிட்டுக் கீழே போனது. அந்தப் பெண் அந்தரத்தில், பாதி உடம்பு இரும்புக் கதவுக்குள்ளும் பாதி வெளியிலுமாக மாட்டிக்கொண்டு நின்றாள். கை மட்டும் நடப்பது போல ஆடிக்கொண்டிருந்தது. அவர் எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. 'வெளியே வந்து மறுபடி ஆரம்பியுங்கள்' என்று சொல்ல நாக்கு துடித்தது. கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். இரண்டு நிமிடம் இருக்கும். என் ஏழு மாதமும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார், கோபமே இல்லாமல்: "நான் எதற்காகக் காத்திருக்க வேண்டும்?"

மணிக்கு முன்னால் ஏறக் கூடாது என்ற பயம் முழுவதும் எங்கள் தெருவில் இருந்தது. விளையாட்டுக்குள் நான் ஒரு துளிகூட வைக்கவில்லை.

திங்கட்கிழமை மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அது தாராளம். லீட் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"மணிக்கு முன்னாடி ஏறினா சாகணும். அவ்வளவுதான். ஒரு தடவ செத்தா கத்துப்பாங்க. எல்லா கேம்லயும் அப்படித்தான். திங்கக்கிழம இது இல்லன்னா என்னால உனக்காகப் பேச முடியாது."

சரி என்றேன். வெள்ளியும் சனியும் அந்தச் சாவைச் செய்தேன். நன்றாகவே செய்தேன். கேஜ் திடீரென்று நகரும், கயிறு கிறீச்சிடும், ஒரு அலறல், இருட்டு. அலறலுக்குத் தம்பியைக் கொல்லைப்புறத்தில் நிறுத்திக் கத்தச் சொல்லிப் பதிவு செய்தேன். பக்கத்து வீட்டு அக்கா கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள். நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவை உட்காரவைத்தேன். கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து, "இந்தத் தடவ மணிக்கு முன்னாடியே ஏறுப்பா. இன்னா ஆவுதுன்னு பாக்கணும்" என்றேன்.

அவர் கேஜ் வரைக்கும் போனார். நின்றார். மணி அடித்து ஓய்ந்து, கேஜ் காலியாகப் போய்த் திரும்பி வந்தது. அப்பா அசையவில்லை.

"ஏறுப்பா."

"நா ஏற மாட்டேன்."

"விளையாட்டுதானப்பா!"

"விளையாட்டோ இன்னாவோ. நீ ஏறிக்கோ."

எனக்குக் கோபம் வந்தது. நாளைக்கு என் வேலை போகப்போகிறது, இவர் பிடிவாதம் பிடிக்கிறாரே என்று கத்தினேன். மணி, மணி என்று ஊரையே கெடுத்து வைத்திருக்கிறீர்கள், உங்களால்தான் வியாழக்கிழமை நான் அவமானப்பட்டேன் என்றுகூடச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அப்பா கன்ட்ரோலரைத் தரையில் வைத்தார்.

"அன்னிக்கு சுரங்கத்துல மணி மூணு வந்துச்சு. சரியாத்தான் வந்துச்சு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, திரையைப் பார்த்துச் சொன்னார். "நா தூக்குனேன். ஷிஃப்ட் முடிஞ்சி வீட்டுக்குப் போற அவசரம், ஒருத்தன் கடைசியா ஓடியாந்து கால வச்சிட்டான். மணி அடிச்சவன் எண்ணுன தலைல அவன் இல்ல. மேல உக்காந்துகினு கீற எனக்கு இன்னா தெரியும்? ஒரு மணி வந்துச்சு, நிறுத்துனேன். அதுக்குள்ள கால் போயிட்ச்சி. முட்டிக்குக் கீழ."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? யார் மேலயும் தப்பு இல்லன்னு எழுதிட்டாங்க. மறுநாள் ஷிஃப்ட்டுக்குப் போனேன்." கன்ட்ரோலரை என் பக்கம் தள்ளினார். "நிறுத்தத்தாம்மா நிறுத்துனேன். லேட்டாயிட்ச்சி."

இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் இதைக் கேட்டதில்லை. அந்தத் திரும்பிப் பார்க்கும் கழுத்தைத்தான் பார்த்திருக்கிறோம், கேலி செய்திருக்கிறோம். அவருக்கு நான் கொடுத்த விளையாட்டில் தம்பியின் அலறல் காத்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் கேட்டிருக்கும். அழுதேன். மன்னிச்சிடுப்பா என்றேன். 'போய் வேலயப் பாரு' என்றார்.

அந்த அலறலை அழித்தேன். கயிற்றுச் சத்தத்தை அழித்தேன். செத்தால் கற்றுக்கொள்வார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் விளையாட்டில் செத்தவன் அடுத்த நொடி எழுந்து நிற்கிறான். சாவு மலிவு என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்கிறான். இதையெல்லாம் லீட்டுக்குப் போன் செய்து சொல்லத் தைரியம் வரவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். பொழுது சாய்வதற்குள் வேறு மாதிரி எழுதினேன். முன்னால் ஏறினாலும் கேஜ் அந்த ஆளைக் கணக்கில் எடுக்கும். ஒரே ஒரு மணி அடிக்கும். அதுவரை மேலே எங்கேயோ உறுமிக்கொண்டிருந்த இன்ஜின் சத்தம் நின்றுபோகும். ஏறியவர் இறங்கிக் கோட்டுக்கு வெளியே வரும்வரை கேஜ் நகராது. எவ்வளவு நேரமானாலும் நகராது.

அப்பாவைக் கூப்பிட்டேன். ஏறு என்று சொல்லவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். அவர் வெகுநேரம் கோட்டருகே நின்றார். பிறகு கட்டைவிரலை அழுத்தினார். அந்தப் பெண் உள்ளே கால் வைத்தாள். ஒரு மணி. இன்ஜின் நின்றது. அப்பா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர்தான் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார். சீட்டில் மூன்று தட்டுத் தட்டினேன். திரும்பிப் பார்த்தார். அன்று நான் கத்தவில்லை.

வந்தவர் மறுபடி மணிக்கு முன்னால் ஏறினார், வேண்டுமென்றே. ஒரு மணி அடித்தது. இன்ஜின் சத்தம் நின்றது. லீட் என் நோட்டை இழுத்து 'சாவு எங்கே?' என்று எழுதினாள். கீழே 'இல்லை' என்று எழுதினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வேலை போய்விட்டது என்றே முடிவு செய்தேன். அவர் குதித்தார். கேஜ் நகரவில்லை. தலையை உயர்த்தி ஷாஃப்ட்டின் இருட்டை மேல்நோக்கிப் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியாது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாகப் பின்னால் நடந்து கோட்டைத் தாண்டினார். மூன்று மணி. ஏறினார். கேஜ் கிளம்பும் முன் அந்தப் பெண்ணைத் திருப்பி, பின்னால் யாராவது ஓடிவருகிறார்களா என்று பார்த்தார். அதை நான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றியதும், "மேலே யார் இருக்கிறார்?" என்று கேட்டார்.

"ஓட்டுகிறவர்" என்றேன்.

"அவரை எப்போது பார்ப்பேன்?"

"பார்க்கவே மாட்டீர்கள்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். இந்தப் பகுதி இருக்கட்டும் என்று லீட்டிடம் சொன்னார். அவள் என் நோட்டில் 'சாவு எங்கே?' என்று எழுதியதை அடித்துவிட்டு, அடுத்த முறை முன்கூட்டியே சொல் என்று எழுதினாள். மாடிப்படியில் போய் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று அவர் கேட்கவில்லை.

"நின்னுச்சா?" என்றார்.

"நின்னுச்சுப்பா" என்றேன்.