நாற்பது பேருக்கு ஒரு மூக்கு

எங்கள் ஆய்வகத்தின் கணினித் திரையில் நாற்பது கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. தொற்றுக் காலம் என்றால் எனக்கு ஆம்புலன்ஸ் சத்தமோ முகக்கவசமோ நினைவுக்கு வருவதில்லை. அந்தக் கோடுகள்தான் வருகின்றன. மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் இயந்திரம் கிருமியை மட்டும் தேடாது. மனிதர் எல்லோருக்கும் உள்ள ஒரு மரபணுவையும் சேர்த்துத் தேடும். குச்சி உண்மையிலேயே ஒரு மூக்கைத் தொட்டதா என்று பார்க்க அப்படி ஓர் ஏற்பாடு. குச்சி வழித்து வரும் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அந்தக் கோடுகள் கலைந்த தலைமுடிபோல் விரிந்து வர வேண்டும். சாயல்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த நாற்பதும் எண்ணெய் தேய்த்து வாரியதுபோல் ஒரே கோடாக வந்தன. ஒரே ஆளின் மாதிரியை நாற்பது குழாய்களுக்குப் பங்கு வைத்தால்தான் அப்படி வரும்.

பங்கு வைத்தவர் அந்தப் பகுதியின் சுகாதார ஆய்வாளர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, யார் கும்பிட்டாலும் பாதி மட்டும் உயரும் கை. நாளுக்கு நாற்பது மாதிரி என்று மேலிடம் இலக்கு வைத்திருந்தது. முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் எடுத்தார். குச்சியைக் கண்டதும் பாதி ஊர் பனங்காட்டுக்குள் ஓடிவிட்டது. ஓடியதில் நியாயம் இருந்தது. ஒருவருக்குத் தொற்று என்றால் தெருமுனையில் தகரம் அடித்து அடைப்பார்கள், படகு கடலுக்குப் போக முடியாது. நண்டுக் கம்பெனி மூடி, ஐஸ் லாரி நின்று, ரேஷன் அரிசியைக் கஞ்சியாக்கிக் குடித்துக்கொண்டிருந்த ஊர் அது. மீன்பிடிக்க அனுமதி திரும்பக் கிடைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆய்வாளர் ஒரு தீர்வு கண்டார்: ரேஷன் கார்டு வரிசையில் பெயர்கள், தன் ஜீப் டிரைவரின் மூக்கு. மாலை ஐந்து மணிக்குள் இலக்கு முடிந்தது, முடிவெல்லாம் நெகட்டிவ், கடல் திறந்தே இருந்தது. ஊர் அவரைக் கொண்டாடியது. ஜீப்பின் பின்சீட்டில் ஒரு வாளி நண்டு போகாத நாள் இல்லை.

தொலைபேசியில் அவரைக் கேட்டேன். அவர் மறுக்கவே இல்லை.

"யம்மா, நீங்க மிஷினப் பாருங்க, நான் ஊரப் பாக்குறேன். அங்கன ஏசில உக்காந்துக்கிட்டு கோடு நேரா இருக்கு, கோணலா இருக்குன்னா, இங்கன நாப்பது வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?"

கேட்க இரக்கம் போலவே இருந்தது. இரக்கம் இருந்திருந்தால், இந்த இலக்கு முடியாது என்று மேலே ஒரு வரி எழுதிப் போட்டிருப்பார். அதற்குத் துணிச்சல் வேண்டும். டிரைவரின் மூக்கில் குச்சி விடத் துணிச்சல் எதுவும் வேண்டாம்.

நான் பேசிய நான்காம் நாள் நாற்பதும் பாசிட்டிவ். டிரைவர் பரமக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருந்தார். ஆய்வாளரை அழைத்தேன். கல்யாணத்தைப் பற்றி அவர்தான் சொன்னார். பிறகு, "இன்னைக்கு ஒரு நாளைக்கு நெகட்டிவ்னு போட்டு விடுங்களேன், நாளைக்கு வேற ஆளு பாத்துக்கிறேன்" என்றார்.

அந்தப் பொய்யை நான் எழுதவில்லை. ஆனால் படிவத்தில் இன்னொரு கட்டம் உண்டு: மாதிரி செல்லாது, மறுபடி எடுக்கவும். அதை நிரப்பலாம் என்று எங்கள் ஆய்வகத் தலைவரிடம் போனேன். அவர் தேநீரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நாப்பதும் செல்லாதுன்னா இத்தனை நாளு வந்தது என்னன்னு நம்மளத்தான் கேப்பாங்க. குழாய்ல உள்ளதப் போடும்மா. அது யாருதுன்னு பாக்கிறது நம்ம வேலை இல்ல." படித்த மனிதர். நானும் படித்தவள். நாற்பது முறை பாசிட்டிவ் என்று போட்டேன்.

அன்று மாலையே தகரம் வந்தது. படகுகள் கரையேறின. பட்டியலில் இருந்த நாற்பது பேரையும், எந்த நோயும் இல்லாதவர்களை, பேருந்தில் ஏற்றி நிஜமான நோயாளிகள் நிறைந்திருந்த ஒரு கல்லூரி மண்டபத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கழிப்பறை. பட்டியலில் முதல் பெயர் வலைகாரர் ஒருவருடையது. அங்கே போன ஒன்பதாம் நாள் அவருக்கு மூச்சு முட்டியது. பன்னிரண்டாம் நாள் இறந்தார்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி ஆய்வகத்துக்கு வந்தார். பாலிதீன் பையில் மருத்துவமனைத் தாள்கள், தெளிவான குரல்.

"எங்க வீட்டாளுக்கு மூக்குல குச்சியே விடல தாயி. அன்னைக்கு அவரு கடல்ல கெடந்தாரு. கடல்ல கெடந்த ஆளுக்கு எங்கிட்டு நின்னு குச்சி விட்டீக?"

மாடிப்படிக்கு அடியில் அழைத்துப்போய்ச் சொன்னேன். "அது அவருது இல்லக்கா. ஜீப் டிரைவரோடது."

அவர் அழவில்லை. "அந்த ஜீப்புக்கு நாந்தான் நண்டக் கழுவிக் கழுவிக் குடுத்தேன்" என்றார். பிறகு, "பட்டியல்ல மொதப் பேரு இவருதாம்ல. இவருதான் சீக்கக் கொண்டாந்து ஊர அடைக்க வச்சாருன்னு பேசுறாக. எம் மகள அதச் சொல்லியே ஏசுறாக. இப்பச் சொன்னத ஒரு தாள்ல எழுதிக் குடு, போதும்."

நான் ஒப்பந்தப் பணியில் இருந்தேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆய்வாளர் பேசியிருக்கக்கூடிய வாக்கியம் அது. அந்த அக்கா மறுபடி வரவில்லை.

ஆய்வாளருக்குப் பதவி உயர்ந்துவிட்டது. சென்ற மாதம் ஒரு பயிற்சிக் கூட்டத்தில் அவர்தான் சிறப்புப் பேச்சாளர். தொற்றுக் காலத்தில் ஒரு கடற்கரை முழுவதையும் பட்டினியிலிருந்து காத்த கதையைச் சொன்னார். நாற்பது பேரை ஒரே நாளில் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்திய வேகத்தையும் சொன்னார். டிரைவரின் மூக்கைச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையில் மடிப்பு இன்னும் கலையவில்லை. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். இப்போது நிரந்தரப் பணி. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா, நீங்கள் கேட்ட தாள் இது. பட்டியலில் முதலாவதாக இருந்த உங்கள் கணவரிடமிருந்து அன்று மாதிரி எடுக்கப்படவில்லை. அவர் பெயர் ஒட்டிய குழாயில் இருந்தது வேறொருவருடையது. நோயை அவர் ஊருக்குக் கொண்டுவரவில்லை. நாங்கள் அனுப்பிய இடத்தில்தான் அது அவருக்கு வந்தது. இது எனக்கு அன்றே தெரியும். முடிவைப் பதிவு செய்தவள் நான்.