வாழை கேட்டால் வாளை

போன வாரம் ஒரு காலையில் என் கூடப்பிறந்த அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். மங்கலான சிறு துண்டு. பச்சைப் பூதம் ஒன்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறது. எதிரே இடுப்பில் கை வைத்த ஒரு சிறுமி. 'மாமா, நீங்க வேல பாத்த சீரியல்தானே? எம்புட்டு அருமையா எடுத்திருக்காங்க!' என்று எழுதியிருந்தான். நல்ல பையன்தான். ஆனாலும் அன்றைக்கு முழுக்க அவன் போனை நான் எடுக்கவில்லை.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் கோந்து நாற்றம் மூக்கில் ஏறியது. பஞ்சு ஒட்டித் தைத்த உடுப்பு அது. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடித்தவர் ஒரு நாடகக்காரர். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் பூதத் தலையைக் கழற்றி, "யப்பா, உள்ள அவிஞ்சுட்டேன், தண்ணி குடுங்கப்பா" என்பார். நான் வசன உதவியாளன். பெயர்தான் பெரிசு, தண்ணீர் கொடுப்பதும் நான்தான். நாளைக்கே டைரக்டர் ஆகிவிடுவேன் என்ற நினைப்பில் கண்ணுக்குப் பொருந்தாத கறுப்புக் கண்ணாடி வேறு.

கதை ஜெசிந்தாக்காவுடையது. எங்கள் கூடல் மாநகர் கே.கே. நகர்க்காரர், ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். ஒரே ஒரு நாவல் எழுதினார். பழைய கிணற்றைத் தூர்வாரும்போது ஒரு பூதம் வெளியே வருகிறது. கேட்ட வரம் கொடுத்தாக வேண்டும் என்பது அதற்கு விதி. ஆனால் அது பழங்காலத்துப் பூதம், நம் ஊர்ப் பேச்சு பிடிபடாது. நாம் ழகரத்தை என்ன பாடு படுத்துகிறோம் என்று உங்களுக்குத் தெரியுமே. சிறுமி "ஒரு சீப்பு வாள குடுய்யா" என்கிறாள். பூதம் யோசித்து, துள்ளுகிற வாளை மீன் ஒன்றையும், தலை வார ஒரு சீப்பையும் நீட்டுகிறது. "நல்லா வாளணும்" என்று கேட்ட கிழவர் கையில் பளபளவென்று வாள். அலங்காநல்லூர்க்காரர்கள் "மள வேணும்" என்று கும்பிட, விடிந்து பார்த்தால் நெல் வயலில் ஒரு மலை குந்தியிருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பும் பாடுதான் மீதிக் கதை. பஸ்ஸில் படித்துச் சிரித்து, நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டிருக்கிறேன்.

ஒரு தனியார் டிவி அதைக் குழந்தைகள் தொடராக எடுக்க வந்தது. நடிக்க வந்த பிள்ளைகள் எல்லாம் ஒப்பித்தல் போட்டிக் குழந்தைகள். ழகரம் அத்தனை சுத்தம். ஜெசிந்தாக்கா உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியாக கோரிப்பாளையத்திலிருந்து நஸ்ரின் வந்தாள். பத்து வயது இருக்கும். அவள் அத்தாவுக்கு மிக்ஸி ரிப்பேர் கடை. உள்ளே நுழையும்போதே திரும்பி, "அத்தா, வாளப்பளம் வாங்கித் தாரேன்னீயள்ல?" என்று கத்தினாள். "இவதான்" என்று அக்கா எழுந்தே விட்டார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்ல? கொஞ்சம் கரகரப்பு, நிறைய அதிகாரம். அவள் பூதத்தை அதட்டும்போது கேமராமேனுக்குச் சிரிப்பு தாங்காமல் படம் ஆடும். திரும்ப எடுப்போம். மறுபடி ஆடும்.

முதல் ஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நஸ்ரின் வீட்டில் தெருவே கூடியிருந்தது. அவளுக்குப் புதுச் சட்டை. அக்காவும் நானும் தரையில் இடம் பிடித்திருந்தோம். திரையில் நஸ்ரின் வாயைத் திறந்தாள்.

"பூதமே, எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடு."

யாரோ ஒரு பெண்ணின் குரல். தேன் தடவிய குரல். ழகரம் பாடப்புத்தகத்திலிருந்து நேராக வந்து விழுந்தது. பூதம் மீனை நீட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. "பூதத்துக்கு என்ன கிறுக்கா? புள்ள சரியாத்தான கேட்டுச்சு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நஸ்ரின் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்த் தன் முகத்தையே பார்த்தாள். "அத்தா, இது நான் பேசல" என்றாள். அழக்கூட இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

தெருமுனை பூத்திலிருந்து அக்கா சென்னைக்குப் போன் போட்டார். நான் ஒட்டுக் கேட்டேன்.

"கொச்சையா இருக்குன்னு மேல சொல்லிட்டாங்க மேடம். குழந்தைங்க தப்பான தமிழ் கத்துக்கும்" என்றார் தயாரிப்பு நிர்வாகி.

"ஜோக்கே அதுதானய்யா!"

"ஜோக் கெடக்கட்டும் மேடம். கருத்துதான் முக்கியம்."

தப்பான தமிழ்! கூடல் நகரத்துப் பிள்ளை பேசுவது தப்பாம். அதற்குச் சென்னையிலிருந்து வாய் இரவல் வேண்டுமாம். கருத்து என்றது எது என்று அடுத்த வாரம் தெரிந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பூதம் கைகூப்பி, பெரியோர் சொல் கேட்க வேண்டும் என்று உபதேசம் செய்தது.

"என் பேர எடுத்துருங்க" என்றார் அக்கா. பெயரை மட்டும் எடுத்தார்கள், கதையை வைத்துக்கொண்டார்கள். நான் நேரில் போய் அந்த நிர்வாகியின் மேசையைத் தட்டிக் கத்தினேன். நாளையிலிருந்து வராதே என்றார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை; இன்னும் பலமாகத் தட்டியிருக்கலாம்.

அக்கா பிறகு சிரிக்கிற மாதிரி எதுவும் எழுதவில்லை. கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். படப்பிடிப்பில் பதிந்த குரல் இருக்குமே என்று ஸ்டுடியோவில் தெரிந்தவரிடம் ஒருமுறை விசாரித்தேன். "அந்த டேப் மேலயே சமையல் புரோகிராம் எடுத்தாச்சுண்ணே" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

நேற்று நஸ்ரினுக்குப் போன் செய்தேன். ஒரு கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். வீடியோ அவளுக்கும் வந்திருந்தது.

"மககிட்ட போட்டுக் காட்டுனேண்ணே. இது நீ இல்லம்மாங்குறா. எனக்கே நெனப்பு இல்ல. நான் எப்புடிண்ணே பேசுனேன்?"

படப்பிடிப்பில் பக்கத்தில் நின்று கேட்டவர்களில், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான் மிச்சம். வசனம் அத்தனையும் எனக்கு மனப்பாடம். சொல்லிக் காட்ட வாயைத் திறந்தேன். வந்தது ஒரு கிழட்டு ஆம்பிளையின் குரல்.