எதிர்மலைத் தப்பு

இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே, ஓடைக்கு அப்பால் எங்கள் காணி. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரருக்குச் சொந்த மண் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மண் கிடைத்தது. கரண்டு, ரோடு, அக்கம்பக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. கூரையில் ஒரு சோலார் தகடு, தொழுவத்தில் மாடுகள், பேச்சுத்துணைக்கு அவர். அவரோ ஊமைக்கோட்டான்.

அந்த ஆடி மழையில் ஓடை பெருகி மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. வெயில் இல்லாமல் சோலார் படுத்துவிட, போனும் செத்துவிட்டது. எதிர்மலை லயத்தில் என் அம்மா நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தாள்.

ஒரு காலை மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது எதிர்மலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாமிக்கு அடிப்பது வேறு, சாவுக்கு அடிப்பது வேறு. இது சாவுக்கு அடித்தது. யாருடைய சாவு என்று மட்டும் தப்பு சொல்லாது.

அரிவாளைப் போட்டுவிட்டு ஓடைக்கு ஓடினேன். தண்ணீர் பாறைகளை மூழ்கடித்துப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்காத. அம்மாவா இருக்காது."

"ஒங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

பிடியை இறுக்கினார். ஓடையைவிட அந்தக் கைதான் என்னை அடைத்து வைத்திருப்பதாகப் பட்டது. அந்தக் கையை வெறுத்தேன். கரையிலேயே உட்கார்ந்து தலையை விரித்துப் போட்டு ஒப்பாரி வைத்தேன். பனிமூட்டத்தில் எதிர்மலை தெரியவே இல்லை. மத்தியானம் தப்புச் சத்தம் லயத்தை விட்டுச் சுடுகாட்டுப் பக்கம் நகர்ந்தது. அம்மாவை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தலைமுழுகினேன்.

தண்ணீர் வடிந்ததும் கயிறு கட்டி அவர் என்னை அக்கரை சேர்த்தார். அம்மா காம்பரா வாசலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள். செத்தது கடைசிக் காம்பரா மாமா. பாவம், நல்ல மனிதர். ஆனால் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், தலைமுழுகியது வரைக்கும்.

அம்மா சிரித்தாள். "நல்லதாப் போச்சு புள்ள. எனக்கு அழுது முடிச்சிட்ட. நாளைக்கு நான் போறப்ப மழையா இருந்தா அங்கனயே இரு. அவசரப்பட்டு வராத."

கேலிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாடு கறக்க நேரமாச்சு" என்று அவர் முற்றத்தில் நின்று கூப்பிட்டார். எழுந்து போனேன்.